பின்கதவுக்கு ஊற்றும் முதல் கிளாஸ்

“…இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க அண்ணே. வேற எது வேணும்னாலும் சொல்லுங்க, தாங்கிக்கறேன். பேய்னு சொல்லுங்க. பர்மாக்காரங்க கும்பிடுற நாட்னு சொல்லுங்க. அங்க யாருமே இல்ல, வெறும் மரம்தான்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

இதைச் சொன்னபோது கடைக்காரம்மா கையில் அன்றைய முதல் கிளாஸ் பீர் இருந்தது. நுரை மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. என் சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு காகித நகல் இருந்தது. மேசைகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் காலிக் கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தபடி இருந்தார்கள்.

அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லுமுன் கடையைச் சொல்லிவிட வேண்டும். கடை தெரியாமல் காகிதம் புரியாது.

பர்மாவில், பசுந்தாங் பேட்டையில், ஓடைப் பக்கம் இறங்குகிற சந்து ஒன்றில் அது இருந்தது. பர்மியர் வாயில் ‘பியா சைங்’, அதாவது பீர்க்கடை. நம்மவர் வாயில் இன்னும் கள்ளுக்கடைதான். கள் விற்பதை நிறுத்தி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. தேக்குமரத்தில் கட்டிய ஒற்றை மாடி வீடு. இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகக் குடித்தனங்கள் எழும்பிவிட, நடுவில் இது கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காமல் நெருக்கியடித்து உட்கார்ந்தவர் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு இருக்கும். முன்பக்கம் கடை, மேலே குடியிருப்பு, பின்னால் ஒரு சமையற்கட்டு. அந்தச் சமையற்கட்டுக்கு மட்டும் பின்சந்தைப் பார்த்துத் தனியாக ஒரு கதவு.

நான் தெருவோரம் தட்டச்சு மெஷின் வைத்து மனு அடித்துக் கொடுக்கிறவன். பள்ளிக்கூடம் என்னை நாலாம் வகுப்போடு அனுப்பிவிட்டது. மிச்சத்தை அடுத்தவர்களுடைய மனுக்களை அடித்து அடித்தே படித்துக்கொண்டேன். தொழிலில் எனக்குப் பிடித்ததே, சனங்கள் மனுவுக்குக் காரணம் சொல்லும் விதம்தான். அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு அம்மா, “மூஞ்சி எங்கிட்டதாங்க இருக்கு, அதுக்குச் சாட்சிதான் தொலைஞ்சுபோச்சு” என்றார். அதை அப்படியே பர்மிய மொழியில் அடித்து அனுப்ப ஆசை. அலுவலகம் தாங்காது என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு இந்தக் கடைக்கு வருவேன். குடிப்பது ஒரு கிளாஸ். சுண்டலும் பேச்சும்தான் அதிகம்.

கடைக்காரம்மாவுக்கு அறுபது நெருங்குகிறது. புருஷன் போன பிறகு கல்லாவில் அவரே உட்கார்ந்தார். நம்மவர் அவரை அக்கா என்பார்கள்; வேலைக்காரர்கள் பர்மிய மொழியில் அமா என்பார்கள், அதுவும் அக்காதான். எனக்கு வயது கூட என்பதால் நான் தங்கச்சி என்பேன். இத்தனை வருஷம் பீர் விற்றும் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. கேட்டால், “ஊத்திக் குடுக்கறவளுக்கு வாசமே வயித்த ரொப்பிடும் அண்ணே” என்பார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் பீப்பாயைத் திறந்ததும் முதல் கிளாஸ் யாருக்கும் கிடையாது. யார் வந்து உட்கார்ந்திருந்தாலும் சரி, எந்த அதிகாரி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாலும் சரி. அம்மா அந்தக் கிளாஸை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவார். பின்கதவின் வலது நிலையில், கண் மட்டத்தில், கறுப்பாக மூன்று நெட்டுக்கோடு, அடியில் ஒரு குறுக்குக்கோடு. அதன்மேல் எண்ணெயும் சந்தனமும் குங்குமமும் ஏறி ஏறி மரமே தோல் மாதிரி பளபளக்கும். அதுதான் கதவுச் சாமி. கிளாஸை வாசற்படியில் வைத்து, பக்கத்தில் ஒரு வெற்றிலையில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பார். பிறகு கதவைப் பார்த்தபடி சும்மா நிற்பார். ஒரு வாய் குடித்து முழுங்குகிற நேரம் இருக்கும். அப்புறம் திரும்பிக் கல்லாப் பக்கம் தலையை அசைப்பார். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள்.

அது எந்தச் சாமி என்பதில் கடையில் தீராத வழக்கு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்ந்த ஒருவர், மூன்று கோடும் சூலம், ஆகவே முனீஸ்வரன் என்பார். எதிர்மேசைத் தையல்காரர், மூன்று கோடு என்றால் நாமம், பெருமாள் என்பார்.

“பெருமாளுக்குக் கள்ளுப் படைப்பாங்களாடா? உன் வாயில கொள்ளியத்தான் வைக்கணும்.”

“சரி, உங்க முனீஸ்வரன் என்ன, உப்ப நக்கிட்டுப் போவாரா? ஒரு கோழி காலு கேக்க மாட்டாரு?”

உப்பு என்று வந்தால் ரயில்வேக்காரர் சுண்டல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். எந்தச் சாமிக்கும் வெறும் உப்பைப் படைத்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு அந்த வழக்கெல்லாம் பொருட்டில்லை. அவருக்கு ஒரு கதை போதும். மாமியார் சொல்லி அவர் கேட்டது. ஜப்பான் சண்டை வந்தபோது புருஷனுடைய தாத்தா கடையைச் சாத்திவிட்டு, எல்லாரோடும் சேர்ந்து இந்தியாவுக்கு நடந்தே போய்விட்டார். சண்டை ஓய்ந்து திரும்பி வந்தால் சந்தில் பாதி வீடுகளுக்குக் கதவில்லை. விறகுக்குப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். இந்தக் கடையில் ஒரு பலகை குறையவில்லை. “பின்கட்டுல அடுப்பு சூடா இருந்துச்சாம் அண்ணே. தொட்டுப் பாத்தா கை சுட்டுச்சாம். இதுக்கு மேல சாமி என்ன பண்ணிக் காட்டணும்?”

இப்போது அந்த வீட்டையே இடிக்கப் போகிறார்கள். புருஷனுடைய தம்பிமார் காண்ட்ராக்டரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஓடைக்கு அக்கரையில் தாகேதாவில், மகள் வீட்டுப் பக்கம் சின்னதாக ஒரு கடை பார்த்தாயிற்று. அம்மா எல்லாவற்றுக்கும் சரி சொன்னார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சொல்லவில்லை. கதவுச் சாமியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார்.

கோயில் பூசாரியை அழைத்துவந்தோம். அவர் நிலையைச் சுற்றிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். “நிலைய அறுத்து எடுத்துட்டுப் போலாம் ஆத்தா, அது தச்சன் வேலை. ஆனா சாமி வரணும்னா கூப்புடணும். கூப்புட பேரு வேணும். பேரில்லாம பொதுவா வாங்க வாங்கன்னா, போற வழியில யாரு வேணும்னாலும் ஏறிக்குவாங்க. தாகேதா பஸ்ஸு மாதிரி ஆயிடும்.” அம்மா சிரிக்கவில்லை. மழைக்காலம் முடிகிறவரை பின்கட்டில் கை வைக்கக் கூடாது என்று காண்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் என் மெஷினுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“எத்தனை பேருக்குப் பாட்டன் பூட்டன் பேரத் தேடிக் குடுத்திருக்கீங்க. எங்களுக்கும் ஒண்ணு தேடிக் குடுங்க.”

“தங்கச்சி, நான் மனுஷங்களத்தான் தேடுவேன். சாமியெல்லாம் சனத்தொகைக் கணக்குல வராது.”

“கடை வருமில்ல? கடைய முதல்ல யாரு வச்சாங்க, எந்த ஊர்க்காரங்கன்னு தெரிஞ்சா, அவங்க கொண்டாந்த சாமி யாருன்னு தெரியாமலா போயிடும்?”

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. அவர் எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். “அவரு போன பிறகு, இத்தனை ஆம்பளைங்க குடிச்சிட்டுக் கூச்சல் போடுற எடத்துல நான் தைரியமா உக்காந்ததே, முதுகுக்குப் பின்னாடி ஒருத்தங்க இருக்காங்கன்னுதான். போற எடத்துல என் முதுகு வெறிச்சுன்னு இருக்கக் கூடாது அண்ணே.” அன்று எனக்கு மனு அடிக்க ஓடவே இல்லை.

பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் இடத்துக்குப் போனேன். வெள்ளைக்காரன் காலத்துச் சனத்தொகைக் கணக்கு என்று கேட்டதும், அங்கே பொறுப்பிலிருந்த பெண் தடிமனான புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கினார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். புரட்டினால் எல்லாம் கூட்டல். பேரே இல்லை.

“பேர் எழுதின தாளெல்லாம் கூட்டல் முடிஞ்சதுமே கழிச்சிட்டாங்க ஸயா,” என்றார் அந்த ஸயாமா. ஸயா என்றால் வாத்தியார். பர்மாவில் கொஞ்சம் காகிதம் புரட்டத் தெரிந்த எவரும் ஸயாதான், பெண் என்றால் ஸயாமா. “தொகை மட்டும்தான் இருக்கு. தொகைய வச்சு ஆளத் தேட முடியாது.”

முடியாது என்று எனக்கும் தெரிந்தது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. தமிழ் பேசுகிறவர்கள் என்று ஒரு பத்தி. ஆண்கள் கட்டத்தில் எண் கட்டத்தை விட்டு வெளியே வழிகிற அளவுக்கு நீளம். பெண்கள் கட்டத்தில் அதற்குப் பக்கத்தில் ஒரு துணுக்கு. ஆலையில் நெல் குத்தியவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், தண்டவாளம் போட்டவர்கள், தெரு கூட்டியவர்கள். கள் விற்றவர்களுக்கும் ஒரு வரி. கண் தெரியாதவர்களைத் தனியே எண்ணியிருந்தார்கள், காது கேளாதவர்களைத் தனியே. ஓடையில் படகில் படுத்திருந்தவர்களைக்கூட விடவில்லை. எவ்வளவு பெரிய ஊரை, எத்தனை பேர் கையில் விளக்கும் காகிதமுமாக நடந்து நடந்து எண்ணியிருக்க வேண்டும். என்னுடைய ஆட்கள் எல்லாரும் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். என் தாத்தா அதில் ஒரு ஒன்று. அந்த எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கோயிலில் மூலஸ்தானத்துக்கு எதிரே நிற்கிற மாதிரி இருந்தது.

பிறகு சும்மா கை போன போக்கில் புத்தகத்தின் முன்பக்கத்தைப் புரட்டினேன். எண்ணப் போகிறவர்களுக்குச் சொல்லியிருந்த விதிகள் அங்கே இருந்தன. என் இங்கிலீஷ் மனு இங்கிலீஷ். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். எண்ணுவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டு நிலையிலும் தாரால் நம்பர் போட வேண்டும். வீடு என்றால் கூரையைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறவர்கள் சேர்ந்து ஒரு வீடு. ஒரே கூரைக்குக் கீழே வேறு அடுப்பு எரிந்தால் அதற்கு வேறு நம்பர். நம்பருக்கு அடியில் ஒரு கோடு இழுக்க வேண்டும்.

விரல் அந்தக் கோட்டிலேயே நின்றுவிட்டது.

“என்ன ஸயா, உங்க ஆளு கெடைச்சிட்டாரா?” என்றார் அந்த ஸயாமா.

“ஆளு கெடைக்கல. கதவு கெடைச்சிருக்கு.”

மறுநாள் கடை திறக்குமுன் போனேன். மரத்துக்கு விலை மதிக்க வந்திருந்த தச்சரிடம், முன்வாசல் நிலையில் கண் மட்டத்தில் கொஞ்சம் சுரண்டிக் காட்டச் சொன்னேன். பச்சை வர்ணம் போயிற்று, அதற்குக் கீழே நீலம், அதற்குக் கீழே காவி மாதிரி ஒன்று. கடைசியில் மரத்தை ஒட்டிக் கறுப்பாக, பாதி உதிர்ந்து, நூற்றுப் பத்து. அடியில் ஒரு கோடு.

முன்வாசல் நூற்றுப் பத்து. அப்படியானால் பின்கதவு? மூன்று நெட்டுக்கோடு.

முன்னால் இருந்ததை வர்ணம் பூசிப் பூசி மறைத்துவிட்டார்கள். பின்னால் இருந்ததை எண்ணெய் பூசிப் பூசிக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதை எழுதியவன் அந்தக் கதவுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றிருப்பான்? தார்ச்சட்டியில் குச்சியைத் தோய்த்து மூன்று இழுப்பு, அடியில் ஒன்று, அடுத்த வாசலுக்குப் போயிருப்பான். அவனை அனுப்பிய ராஜாங்கம் போய்விட்டது. குண்டு விழுந்தது, சந்தில் கதவுகள் போயின, ஊர்ப் பேரே மாறிவிட்டது. அந்த நாலு கோடு மட்டும் தினமும் குங்குமம் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது.

“என்ன அண்ணே அங்க?” என்று மாடியிலிருந்து அம்மா கேட்டார்.

“பழைய வீட்டு நம்பர் தங்கச்சி,” என்றேன். பின்கதவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. முதுகு வெறிச்சென்று இருக்கக் கூடாது என்று அவர் சொன்னது நினைவில் நின்றது.

ஆனால் விதி விதிதானே. பின்கட்டுக்குத் தனி நம்பர் என்றால் தனி அடுப்பு. தனி அடுப்பு என்றால், அதை ஊதி எரியவைத்த ஒருவர் இருந்திருக்க வேண்டும். அந்த ஆளைத் தேடி வார்டு அலுவலகத்துக்குப் போனேன். சுதந்திரத்துக்குப் பிறகு வீடு வீடாக எடுத்த குடும்பப் பட்டியல்களில் பேர் இருக்கும். குமாஸ்தா எனக்குப் பழக்கம். பழைய கட்டு ஒன்றைத் தூசி தட்டி மேசையில் போட்டுவிட்டு, “இந்தப் பக்கத்த எலி படிச்சிடுச்சு, அந்தப் பக்கத்த நீங்க படிங்க” என்றார்.

எலி விட்டுவைத்த பக்கத்தில்தான் கடை இருந்தது. தலைவர், அம்மாவுடைய புருஷனின் தாத்தா. கீழே வரிசையாக ஆண்கள், எல்லாருக்கும் கள்ளுக்கடை வேலை. அதற்கும் கீழே ஒரு கோடு போட்டுப் பிரித்து, ‘அதே மனை, பின்பகுதி’ என்று ஒரு தனிக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒரே ஆள். பெண். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. இனம் மோன், தெற்குப் பர்மாவின் பூர்வகுடி. மதம் பௌத்தம். உறவு என்ற கட்டம் காலி. தொழில் என்ற கட்டத்தில் இருந்ததை நான் இரண்டு தரம் படித்தேன். சந்தேகம் தீராமல் குமாஸ்தாவிடம் காட்டினேன்.

“கள் ருசி பாக்கறவர்,” என்று வாசித்தார் அவர். “இதுக்கெல்லாம் உத்தியோகம் உண்டா? எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க ஸயா, நாளைக்கே வர்றேன்.”

எழுதியவர் அதைத் தாமாக எழுதியிருக்க முடியாது. சமையல் என்றோ வேலை இல்லை என்றோ எழுதிவிட்டு நகர்ந்திருப்பார். அந்தக் கிழவி அவருக்கு முன்னால் உட்கார்ந்து, என் தொழில் இது என்று சொல்லி எழுதவைத்திருக்கிறாள். பேரும் இருந்தது, தெளிவான கையெழுத்தில். நகல் எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தேன். அப்போதுதான் பீப்பாயைத் திறந்திருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது; ‘இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க’ என்று முதலில் நான் சொன்ன அந்தப் பேச்சு வந்தது அப்போதுதான்.

மின்சாரம் போய், சந்தில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கியிருந்தன. நான் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது.

“தங்கச்சி, அது சூலமில்ல. வீட்டு நம்பர். நூத்திப் பதினொண்ணு. வெள்ளைக்காரன் காலத்துல சனத்தொகை எடுக்க வந்தவன் தாரால போட்டது.”

பிறகு தையல்காரர் மெதுவாக, “சூலமில்லன்னு நான் அப்பவே சொன்னேன்” என்றார்.

“நாமமும் இல்லடா. கம்முனு இரு,” என்றார் ரயில்வேக்காரர்.

அம்மா கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். “அப்ப நாங்க நம்பரையா கும்பிட்டோம்,” என்றார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. “அங்க யாருமே இல்லியா?”

“இருந்தாங்க. அதுக்குத்தான் ஓடி வந்தேன். தனி அடுப்பு இருந்தாத்தான் தனி நம்பர். இதப் படி.”

அவருக்குத் தமிழைவிடப் பர்மிய எழுத்து நன்றாக வரும். கிளாஸையும் உப்பு வைத்த வெற்றிலையையும் மேசையில் வைத்துவிட்டு, காகிதத்தை ஜெனரேட்டர் வெளிச்சத்தில் பிடித்து, கட்டம் கட்டமாகப் படித்துக்கொண்டு போனார். தொழில் என்ற கட்டத்தில் நின்றார். வாய்விட்டு ஒரு தரம் படித்தார். பிறகு வெற்றிலையில் இருந்த உப்பைப் பார்த்தார்.

“நாக்கு,” என்றார். “நாக்குக்கு அண்ணே. ஒரு பானை ருசி பாத்துட்டு அடுத்த பானைக்குப் போறப்ப நாக்க அலம்பணும்ல. அதுக்கு உப்பு.” அங்கிருந்து அவரே பேசிக்கொண்டு போனார். நான் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை. “என் மாமியா கிளாஸ வச்சிட்டு, ‘அவங்க சரின்னு சொல்லட்டும், அப்புறம் ஊத்து’ம்பாங்க. நான் சாமி உத்தரவுன்னு நெனச்சேன். காலையில ஓடையில படகு வந்து கள்ளு எறங்குமாம். அவங்க ஒரு வாய் குடிச்சுப் பாத்து, நல்ல கள்ளுன்னு சொன்னாத்தான் கடையில ஊத்துவாங்க போல.” இனம் என்ற கட்டத்தில் விரலை வைத்தார். “சண்டை வந்தப்ப எல்லாரும் இந்தியாவுக்கு ஓடிட்டாங்க. அவங்க மோன். அவங்களுக்கு எங்க ஓடறது? அவங்க இங்கயேதான் இருந்திருக்காங்க அண்ணே. அதான் அடுப்பு சூடா இருந்துச்சு.”

பட்டியலில் அது இல்லை. சண்டை நடந்த வருஷங்களுக்கு எந்தப் புத்தகத்திலும் கூட்டல்கூடக் கிடையாது. ஆனாலும் அந்தக் கடையில் அப்போது உட்கார்ந்திருந்த யாருக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. ஊரே காலியாகிவிட்ட ஒரு சந்தில், கதவைப் பிடுங்க வந்தவர்களுக்கு எதிரே, நூற்றுப் பதினொன்றாம் நம்பர் நிலையில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஒருத்தியை நாங்கள் எல்லாரும் பார்த்துவிட்டோம். ரயில்வேக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த தாத்தாவுக்கு அவளைத் தெரியும். அவர் மருமகளிடம், அதாவது அம்மாவின் மாமியாரிடம், சொல்லியிருப்பார், அவங்கதான் காப்பாத்தினாங்க என்று. பேரைச் சொல்லியிருக்கமாட்டார். நாம் அப்படித்தான். கும்பிடத்தக்க ஆள் என்று மனதில் பட்டுவிட்டால் பேரை வாயால் சொல்லமாட்டோம், மரியாதைக் குறைவு. அப்படிச் சொல்லாமல் விட்டு விட்டு, பேரையே தொலைத்துவிட்டு, மிச்சமிருந்த கோட்டுக்குப் பொட்டு வைத்திருக்கிறோம். அந்தப் பேரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. அது அந்த வீட்டுச் சொத்து.

“ஒரு சந்தேகம்,” என்றார் தையல்காரர். அவரால் ரொம்ப நேரம் சும்மா இருக்க முடியாது. “மோன்காரம்மான்னா, இத்தனை வருஷமா அக்கா தமிழ்ல வேண்டிக்கிட்டதெல்லாம் அவங்களுக்கு வெளங்கியிருக்குமா?”

“இத்தனை தமிழ்க்காரனுங்களுக்கு நடுவுல பொழங்கினவங்களுக்குத் தமிழ் வராதா?” என்றார் ரயில்வேக்காரர். “முதல்ல வசவத்தான் படிச்சிருப்பாங்க.”

அம்மா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் பயந்தபடி எதுவும் உடைந்துபோகவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் இருந்துகொண்டுதான் இருந்தார். இப்போது அவருக்கு வயது இருந்தது, தொழில் இருந்தது, கூப்பிடப் பேர் இருந்தது.

“பூசாரிக்கு நாளைக்கு ஆள் அனுப்பட்டுமா?” என்றேன்.

“எதுக்கு? இவங்கள நானே கூப்டுக்குவேன்.”

காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, கிளாஸையும் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். நாங்கள் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தோம். நிலைக்கு எதிரே நின்று அந்தப் பேரைச் சொன்னார், ஒரே ஒரு தரம். பிறகு பர்மிய மொழியில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் சொல்வதுபோல, “அமே, த்வா ஜ ஸோ” என்றார். அம்மா, நாம போவோம்.

நாங்கள் வழக்கம்போல அவர் திரும்பித் தலையசைப்பதற்காகக் காத்திருந்தோம். அவர் திரும்பவில்லை. கிளாஸை வாசற்படியில் வைக்கவும் இல்லை. வாசற்படியில் தானே உட்கார்ந்து, நூற்றுப் பதினொன்றாம் நம்பர் நிலையில் முதுகைச் சாய்த்து, உப்பில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். அப்புறம் வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கிளாஸில் ஒரு வாய் குடித்து, முகம் சுளிக்காமல் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து, முழுங்கிவிட்டு, ஊற்றலாம் என்று எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார்.